ஒரு வழக்கறிஞர், இரு கட்சிக்காரர்

அமெரிக்காவிலுள்ள அரிசோனா மாநிலத்தின் உயர் நீதிமன்றம் 1976ஆம் ஆண்டிலே ஒரு வழக்கிற்குத் தீர்ப்பு வழங்கிற்று. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் அயலவரான ஒரு குடும்பத்தினரைத் தாக்கிக் காயப்படுத்திவிட்டான். காயமுற்றோர் நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தனர். சிறுவனின் பெற்றோரிடம் 25,000 டொலர் வரை பொறுப்பேற்கும் காப்புறுதிப் பத்திரம் ஒன்று இருந்தது. பத்திரத்தின்படி, அச்சிறுவனுக்காக வழக்காடக் காப்புறுதிக் கம்பனி ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. வந்தவர் தங்கள் வழக்கறிஞர் என்றே பெற்றோர் நம்பினர். சிறுவனைப் பற்றிய இரகசியக் கோவையை அவர் பார்வையிட உடன்பட்டனர். சிறுவனும் அவரிடம் பேசினான். மருத்துவரிடம் நோயை மறைப்பதும் வழக்கறிஞரிடம் உண்மையை மறைப்பதும் ஒருபோதும் நன்மை பயவா என்று எண்ணுபவர் எவரும் செய்யக்கூடியதையே அக்குடும்பம் செய்தது.

அந்த வழக்கறிஞர் செய்ததோ வேறு. பையன் தான் செய்தது இன்னதென அறிந்தே செய்தான். ஆதலால் அது வேண்டுமென்றே செய்த செயலன்றி வேறில்லை என்று அவர் தமக்குப் பணம் கொடுக்கும் கம்பனிக்கு எழுதினார். வேண்டுமென்றே செய்த தீங்குக்குப் பொறுப்பில்லை என்பது அப்பத்திரத்திலிருந்த ஒரு வாசகம். கம்பனி அந்த வாசகத்தைப் பற்றிக்கொண்டது. காயமுற்றோர் பத்திரத்தின் எல்லைக்குட்பட்ட தொகையொன்றைப் பெற்று இணங்கிப்போக முன்வந்தபோதும் அது மறுத்துவிட்டது. வழக்கு நடந்து, சிறுவனுக்கு எதிராக 50,000 டொலருக்குத் தீர்ப்பாயிற்று. அதன்பின் அப்பணத்தைக் கம்பனியிடமிருந்து பெறக் காயமுற்றோர் முயன்றபொழுது, பொறுப்பில்லை என்று கம்பனியின் பக்கம் நின்று வாதாடியது முன்னர்ச் சிறுவனுக்காகத் தோன்றிய அதே வழக்கறிஞர் நிலையமே.

அரிசோனா நீதிபதிகள் இதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கட்சிக்காரனிடமிருந்து நம்பிக்கையின்பேரிற் பெற்ற செய்தியை அவனுக்கே எதிராகப் பயன்படுத்திய கம்பனி, பத்திரத்தின் விலக்கு வாசகத்தைச் சொல்லித் தப்ப முடியாது என்று தீர்த்தனர். அது மட்டுமன்று, இணங்கிப்போகும் வாய்ப்பை நேர்மையாக நோக்காது தட்டிக்கழித்தமையால், பத்திரத்தின் எல்லையாகிய 25,000 டொலரைக் கடந்து, 50,000 டொலர் முழுவதையும் கம்பனியே கொடுக்கவேண்டும் என்றும் விதித்தனர்.

இவ்வழக்கிலே நீதி கிடைத்தது உண்மை. ஆயினும் அது எப்பொழுது கிடைத்தது? இரகசியம் வெளிப்பட்டபின், விசாரணை முடிந்தபின், குடும்பத்தின்மேற் பெருந்தொகைத் தீர்ப்பு விழுந்தபின், ஆண்டுகள் பல கழிந்தபின். நோய் முற்றியபிறகு மருந்து தருவதைவிட, நோய் வராமற் காப்பதற்கு வழியுண்டா என்ற கேள்வி அமெரிக்க நீதிமன்றங்களிலே எழுந்தது. அக்கேள்விக்குக் கலிபோர்ணியா மாநிலம் கண்ட விடையே சுயாதீன வழக்கறிஞர் என்னும் ஏற்பாடு.

அதனை விளங்கிக்கொள்வதற்கு, பொறுப்புக் காப்புறுதியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். தீக் காப்புறுதியிலே வீடு எரிந்தால் வீட்டுக்காரருக்குக் கம்பனி பணம் கொடுக்கும். அங்கே இருப்பவர் இருவரே. பொறுப்புக் காப்புறுதியிலோ மூன்றாம் ஆள் ஒருவர் வந்து சேர்கின்றார். மோட்டார் வண்டி வைத்திருப்போர் மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்று பெயர் சொல்லி அழைப்பது இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒருவருடைய செயலால் வேறொருவர் தீங்குற்று வழக்கிட்டால், அந்த நட்டஈட்டைத் தானே கொடுப்பதாகக் கம்பனி வாக்களிக்கின்றது. அமெரிக்கப் பத்திரங்கள் பலவற்றில் இத்துடன் இன்னொரு வாக்குறுதியும் உண்டு. வழக்கு வந்தால் வழக்கறிஞரை அமர்த்தி, செலவை ஏற்று, காப்புறுதி பெற்றவருக்காக எதிர்வாதம் செய்வதும் தன் கடமை என்று கம்பனி ஒப்புக்கொள்கின்றது. பணம் கொடுப்பதிலும் பார்க்க இந்த இரண்டாவது வாக்குறுதியையே பலர் பெரிதாக மதிப்பர். ஏனெனில், குற்றமற்றவன் என்று நிரூபிப்பதற்கே அங்கு ஒரு வீட்டின் விலை செலவாகக்கூடும்.

செலவு செய்பவர் கம்பனி. ஆதலால் வழக்கறிஞரைத் தெரிவதும் கம்பனியே. பெரும்பாலான வழக்குகளில் இதனால் எவருக்கும் இடரில்லை. வழக்கு வெல்லவேண்டும், அல்லது குறைந்த தொகைக்குத் தீரவேண்டும் என்பதே இருவரின் விருப்பமும். ஒரே படகிலே இருவர் ஒரே கரையை நோக்கிச் செல்கையில் துடுப்புப் பிடிப்பவன் யாருடைய ஆள் என்று எவரும் கேட்பதில்லை.

இரு கரைகள் தோன்றும்போதுதான் தொல்லை பிறக்கின்றது. கவலையீனத்தால் விளைந்த தீங்குக்குக் கம்பனி பொறுப்பு. மனமறிந்து செய்த தீங்குக்குப் பொறுப்பன்று. இது பத்திரங்களில் மட்டுமன்றிக் கலிபோர்ணியாவின் காப்புறுதிச் சட்டக் கோவையிலும் உள்ள விதி. இனி, வழக்காளி தம் முறைப்பாட்டில் இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றார் என்று கொள்வோம். எதிரி வேண்டுமென்றே செய்தான். அல்லவாயின் கவலையீனமாகச் செய்தான் என்று அவர் கூறுகின்றார். காப்புறுதி பெற்றவருக்கு வழக்கு முற்றாகத் தள்ளப்படுவதே முதல் விருப்பம். அது கைகூடாவிடின், கவலையீனம் என்று தீர்ப்பாகவேண்டும். அப்பொழுதுதான் கம்பனி பணம் கொடுக்கும். கம்பனிக்கும் முதல் விருப்பம் அதுவே. ஆனால் இரண்டாவது விருப்பம் நேர்மாறானது. தோற்பது உறுதியென்றால், வேண்டுமென்றே செய்தார் என்று தோற்பதே கம்பனிக்கு இலாபம். அப்பொழுது அது ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. வீட்டையும் சேமிப்பையும் இழப்பவர் காப்புறுதி பெற்றவரே.

இந்நிலையில் இருவருக்கும் நடுவே நிற்கும் வழக்கறிஞரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அரிசோனா வழக்கறிஞரைப் போலக் கடிதம் எழுதிக் காட்டிக்கொடுப்பவர் அரியர் என்றே வைத்துக்கொள்வோம். வழக்கு நடத்துவதிலே வெளியிற் புலப்படாத நூறு தீர்மானங்கள் உண்டு. எந்தச் சாட்சியை அழைப்பது, எவரை விடுவது; குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியை அழுத்துவது; யூரர்களிடம் மொத்தத் தீர்ப்பை மட்டும் கேட்பதா, இன்ன காரணத்தால் இத்தனை டொலர் என்று பிரித்துச் சொல்லும்படி கேட்பதா என்பன அத்தகையவை. பிரித்துச் சொன்ன தீர்ப்பு கம்பனிக்கு உதவும். பிரியாத தீர்ப்பு காப்புறுதி பெற்றவருக்கு உதவக்கூடும். இவற்றுள் ஒன்றைப் பற்றியேனும், ஏன் அவ்வாறு செய்தீர் என்று பின்னர் எவராலும் நிரூபித்துக் குற்றஞ் சாட்ட முடியாது. ஒரு வழக்கறிஞருக்கு இன்ன காப்புறுதி பெற்றவர் வாழ்நாளில் ஒருமுறை வரும் கட்சிக்காரர். கம்பனியோ மாதந்தோறும் வழக்கு அனுப்பும் கட்சிக்காரர். மனித இயல்பை அறிந்த எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இம்முரண்பாடு வாசலில் வந்து நிற்பதைக் காட்டும் அடையாளம் ஒரு கடிதம். வழக்கைப் பற்றி அறிவித்ததும் கம்பனி மறுமொழி எழுதுகின்றது: உமக்காக வழக்காடுவோம், ஆயினும் முடிவில் இன்ன இன்ன வாசகங்களின்படி பணம் கொடுக்க மறுக்கும் உரிமையை எமக்கென ஒதுக்கி வைத்துக்கொள்கிறோம். உரிமை ஒதுக்கற் கடிதம் என்று இதனைச் சொல்லலாம். பெறுபவர் பலர் முதல் வாக்கியத்தைப் படித்து மனம் ஆறி, இரண்டாவதைப் படியாது மடித்து வைத்துவிடுகின்றனர். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டாவது வாக்கியமே முக்கியம். அதை எழுதிய கணத்தில், கம்பனி தன் கட்சிக்காரருக்குத் துணையாகவும் எதிராகவும் ஒருங்கே நிற்கத் தொடங்குகின்றது. இக்கடிதம் எழுதுவது குற்றமன்று என்பதையும் சொல்லவேண்டும். தான் விற்காத காப்பிற்கு விலை கொடுக்கக் கம்பனி கடமைப்பட்டதன்று. எழுதாமல் மறைத்து வைத்துப் பின்னர் மறுப்பதைவிட எழுதுவது நேர்மையானதே.

கலிபோர்ணியா உயர் நீதிமன்றம் 1966ஆம் ஆண்டிலே ஒரு மருத்துவரின் வழக்கை ஆராய்ந்தது. வீதியில் வண்டிகள் மோதும் தறுவாயில் தப்பிய ஒரு சம்பவத்தையடுத்து வாய்த்தர்க்கம் மூண்டது. மற்றவர் வண்டிக் கதவை இழுத்துத் திறந்தார் என்றும், அஞ்சித் தற்காப்புக்காகவே தாம் அடித்ததாகவும் மருத்துவர் கூறினார். அடிபட்டவரோ, வேண்டுமென்றே கொடூரமாகத் தாக்கினார் என்று வழக்கிட்டார். முறைப்பாட்டில் வேண்டுமென்றே என்ற சொல் இருக்கின்றது, ஆதலால் வழக்காடவும் மாட்டோம் என்றது கம்பனி. மருத்துவர் தம் செலவிலே வழக்காடி 6,000 டொலர் கொடுக்கும்படி தீர்ப்புப் பெற்றார். பின்னர் அவர் கம்பனிமேல் வழக்கிட்டபொழுது கம்பனி சொன்ன நியாயங்களுள் ஒன்று சுவையானது. நாம் வழக்காட முன்வந்திருந்தால் எங்கள் நலனும் அவர் நலனும் முரண்பட்டிருக்கும். ஆகவே விலகி நின்றதே முறை என்றது அது. நீதியரசர் மத்தியூ டொப்ரினர் எழுதிய தீர்ப்பு இதனை ஏற்கவில்லை. காப்பு உண்டாவதற்குச் சிறிது இடமிருந்தாலும் எதிர்வாதம் செய்யும் கடமை உண்டு. முரண்பாட்டைக் காட்டி அக்கடமையைக் கைவிடலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இனிக் கம்பனிகள் விலகவும் முடியாது. விலகாமல் நின்றால் முரண்பாடு. ஆகவே வழக்காடுபவர் எவர் என்ற கேள்வி மேலும் கூர்மை பெற்றது.

டெக்சாஸ் உயர் நீதிமன்றம் 1973இல் தீர்த்த வழக்கு அதன் கூர்மையை நன்கு காட்டும். அங்கே விபத்தைப் பற்றிப் பிந்தி அறிவித்தார் என்பதே கம்பனி தேடிய காரணம். கம்பனி அமர்த்திய வழக்கறிஞர் ஏறத்தாழப் பதினெட்டு மாதங்கள் காப்புறுதி பெற்றவருக்காகத் தோன்றினார். அதே காலத்தில் அவருடைய ஊழியரிடமே சென்று, முதலாளிக்கு விபத்து எப்பொழுது தெரியும் என்று வாக்குமூலம் திரட்டிக்கொண்டிருந்தார். உள்ளே விட்டவன் திண்ணையை அளந்துகொண்டிருந்த கதை இது. கம்பனி காப்பை மறுக்க முடியாது என்று அந்நீதிமன்றமும் தீர்த்தது.

இவையெல்லாம் தவறு நடந்தபின் வந்த தீர்ப்புகள். தவறு நடக்குமுன்னரே வழிவகுத்த தீர்ப்பு 1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சான் டியேகோ நகரில் பிறந்தது. அங்குள்ள ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் மேல், ஒருவர் தம்மை முறைகேடாகப் பணிநீக்கம் செய்தனர் என்று வழக்கிட்டார். யாழ்ப்பாணத்து ஐக்கிய நாணய சங்கங்களை அறிந்த நேயர்களுக்கு இத்தகைய சங்கங்களின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. அளவில் மட்டுமே பெரும் வேறுபாடு. வழக்காளி கேட்ட பொது நட்டஈடு 750,000 டொலர். அதற்கு மேலாகத் தண்டனை நட்டஈடாக 65 இலட்சம் டொலர். சங்கத்திற்குக் காப்புறுதி அளித்திருந்தது கியூமிஸ் காப்புறுதிச் சங்கம் என்பது. கியூமிஸ் ஒரு வழக்கறிஞர் நிலையத்தை அமர்த்தியது. அத்துடன் உரிமை ஒதுக்கற் கடிதமும் எழுதியது. வேண்டுமென்று செய்த செயல்களுக்கும் தண்டனை நட்டஈட்டுக்கும் பொறுப்பேற்காமற் போகலாம் என்பது கடிதத்தின் கருத்து.

கடன் சங்கத்தினர் அக்கடிதத்தை மடித்து வைக்கவில்லை. தம் நலன்களைப் பார்த்துக்கொள்வதற்கென வேறொரு வழக்கறிஞரை அமர்த்தி, அவருடைய கட்டணச் சீட்டுகளைக் கியூமிஸுக்கு அனுப்பினர். கியூமிஸ் இரண்டு சீட்டுகளுக்குப் பணம் கொடுத்தது. பின்னர் யோசித்து, இங்கே முரண்பாடு எதுவுமில்லை என்று நிறுத்திவிட்டது. அப்பணம் கொடுக்கவேண்டியதா இல்லையா என்ற சிறு தகராறே மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்குச் சென்று, இன்று அமெரிக்கா எங்கணும் சட்ட மாணவர் அறியும் தீர்ப்பாயிற்று.

கம்பனியின் வாதம் வலுவற்றதன்று. வழக்கறிஞர்களுக்கு ஒழுக்க விதிகள் உண்டு. எவர் பணம் கொடுத்தாலும் அவர்கள் காப்புறுதி பெற்றவருக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கடமை மீறப்பட்டதென்று எவரும் காட்டவில்லையே என்பது அவ்வாதம். நீதிமன்றத்தின் நோக்கு வேறு. மீறினாரா என்பதன்று கேள்வி. மீறத் தூண்டும் நிலையில் ஒருவரை நிறுத்தலாமா என்பதே கேள்வி. ஒரே வழக்கறிஞர் முரண்பட்ட நலனுடைய இருவருக்காகத் தோன்றவேண்டுமாயின், இருவரும் விவரம் அறிந்து உடன்படவேண்டும். காப்புறுதி பெற்றவர் உடன்படாவிட்டால், அவர் தாமே தெரிந்த சுயாதீன வழக்கறிஞருக்கான செலவைக் கம்பனி கொடுத்தே ஆகவேண்டும். இதுவே தீர்ப்பு. அன்று முதல் இத்தகைய வழக்கறிஞருக்குக் கலிபோர்ணியாவில் ‘கியூமிஸ் வழக்கறிஞர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. எதிர்த்து வாதாடித் தோற்ற கம்பனியின் பெயரே அந்த உரிமைக்குப் பெயராயிற்று.

தீர்ப்பு வந்தபின் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. உரிமை ஒதுக்கற் கடிதம் எழுதியவுடனேயே விலையுயர்ந்த வழக்கறிஞர்கள் படையெடுக்கின்றனர் என்று முறையிட்டன. அதில் உண்மையும் இருந்தது. 1987இல் மாநிலச் சட்டமன்றம் குடியியற் சட்டக் கோவையில் 2860ஆம் பிரிவைச் சேர்த்து, உரிமையை உறுதிப்படுத்தியது. அதே கையால் அதனைச் சுருக்கியும் வைத்தது. எதிர்வாதம் செய்யும் கடமை கம்பனிக்கு இருந்து, முரண்பாடும் எழுந்தால், சுயாதீன வழக்கறிஞரைக் கம்பனி அளிக்கவேண்டும். ஆனால் உரிமை ஒதுக்கற் கடிதம் எழுதப்பட்டது என்பது மட்டும் போதாது. எந்த விடயத்தைப் பற்றிக் கம்பனி உரிமை ஒதுக்கியதோ, அந்த விடயத்தின் முடிவு கம்பனியின் வழக்கறிஞர் கையால் ஆட்டுவிக்கக் கூடியதாக இருக்கவேண்டும். அங்கேதான் முரண்பாடு உண்டு எனக் கொள்ளப்படலாம்.

இந்த வரையறை அறிவுடையது என்றே சொல்லவேண்டும். வீடு கட்டிய ஒப்பந்தகாரர் ஒருவரின் வழக்கு 1991இல் வந்தது. கட்டட வேலை பழுது என்று வீட்டுக்காரர் வழக்கிட்டனர். நட்டஈட்டில் எப்பகுதி பத்திரத்துக்குள் அடங்கும், எப்பகுதி அடங்காது என்பதையிட்டுக் கம்பனி உரிமை ஒதுக்கியது. அதனை வழக்கறிஞர் எப்பக்கமும் திருப்ப முடியாது. ஆகவே தனி வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்றாயிற்று. வேண்டுமென்று செய்தாரா கவலையீனமா, ஊழியர் முதலாளியின் வேலையாகச் சென்றாரா சொந்த வேலையாகச் சென்றாரா என்பன போன்ற கேள்விகளோ வேறு. அங்கே காப்பைத் தீர்மானிக்கும் அதே உண்மைதான் வழக்கையும் தீர்மானிக்கின்றது. அந்த உண்மை வழக்கறிஞரின் கையிற் களிமண்ணாக இருக்கின்றது.

இனி, அச்சட்டத்தின் சுருக்கங்களைப் பார்க்கலாம். தண்டனை நட்டஈடு கேட்கப்பட்டது என்பதால் முரண்பாடு உண்டாகாது என்றது அது. பத்திரத்தின் எல்லைக்கு மேல் தொகை கேட்கப்பட்டது என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொல்லிற்று. கியூமிஸ் வழக்கிலே கடன் சங்கத்தாரை அச்சுறுத்திய பெருந்தொகை எது? 65 இலட்சம் டொலர் தண்டனை நட்டஈடே. கியூமிஸ் என்ற பெயரால் வழங்கும் உரிமை, கியூமிஸ் வழக்கின் பாதிக் காரணத்தைத் தள்ளிவிட்டே சட்டமாயிற்று என்பது வேடிக்கை.

தெரிவு செய்யப்படும் வழக்கறிஞருக்குக் குறைந்தது ஐந்தாண்டு குடியியல் வழக்கனுபவம் இருக்கவேண்டும் என்றும், வழக்கின் பொருளிலே எதிர்வாத அனுபவமும் அதில் அடங்கவேண்டும் என்றும், தொழிற் தவறுகளுக்கு அவர் தாமே காப்புறுதி பெற்றிருக்கவேண்டும் என்றும் கம்பனி கேட்கலாம். இவை நியாயமானவை. கட்டணம் பற்றிய விதிதான் கடினமானது. அப்பகுதியில் அத்தகைய வழக்குகளுக்குக் கம்பனி தன் வழக்கமான வழக்கறிஞர்களுக்கு உண்மையிற் கொடுக்கும் வீதத்திற்குமேற் கொடுக்கவேண்டியதில்லை. மொத்தமாக வழக்கு அனுப்புவோருக்குக் கிடைக்கும் கழிவு விலை அது. நல்ல வழக்கறிஞர் பலர் அவ்விலைக்கு இசையார். மிகுதியைக் காப்புறுதி பெற்றவர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். வசதியுள்ள வியாபார நிறுவனம் கொடுக்கும். சாதாரண குடும்பம் என்ன செய்யும்? உரிமை எல்லோருக்கும் ஒன்றே. அதை அனுபவிக்கும் ஆற்றல் ஒன்றன்று. கட்டணத் தகராறு எழுந்தால் நடுநிலையான தனி நடுத்தீர்ப்பாளர் ஒருவர் முன் அது முடிவாகவேண்டும் என்றும் சட்டம் கூறுகின்றது.

சுயாதீன வழக்கறிஞர் வந்துவிட்டார் என்பதாற் கம்பனி வெளியேறிவிடுவதில்லை. அதன் வழக்கறிஞரும் வழக்கில் உடனிருக்கலாம். வழக்குப் பற்றிய செய்திகளைச் சுயாதீன வழக்கறிஞர் கம்பனிக்குக் காலந் தவறாது அறிவிக்கவும் வேண்டும். ஒன்றை மட்டும் அறிவிக்கவேண்டியதில்லை. காப்பு உண்டா இல்லையா என்ற தகராற்றைத் தொடும் இரகசியச் செய்தியே அது. அரிசோனாச் சிறுவனின் கோவை இவ்வாறான ஒருவரின் கையில் இருந்திருந்தால், அது கம்பனியின் மேசைக்குப் போயிருக்கமாட்டாது.

எல்லா மாநிலங்களும் இவ்வழியிற் சென்றன அல்ல. நியூயோர்க்கின் மேன்முறையீட்டு நீதிமன்றம் கலிபோர்ணியாவுக்கு முன்னரே, 1981இல், நோயாளியிடம் தகாத முறையில் நடந்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்ட பல்வைத்தியர் ஒருவரின் வழக்கிலே, தாம் விரும்பிய வழக்கறிஞரைக் கம்பனியின் செலவில் அமர்த்த அவருக்கு உரிமையுண்டு என்று கூறியது. வாஷிங்டன் மாநிலம் 1986இல் வேறு பாதையைத் தெரிந்தது. உரிமை ஒதுக்கி வழக்காடும் கம்பனிமேல் வழக்கத்திலும் உயர்ந்த நேர்மைக் கடமையை ஏற்றியது. அமர்த்தப்பட்ட வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் காப்புறுதி பெற்றவர் ஒருவரே என்றது. ஹாவாய் உயர் நீதிமன்றம் 1998இல் இன்னும் தெளிவாகவே மறுத்துரைத்தது. வழக்கறிஞரின் ஒழுக்க விதிகளே போதிய காவல். தனி வழக்கறிஞர் தேவையென்பது அவர்களெல்லோரையும் முன்கூட்டியே சந்தேகிப்பதாகும் என்ற போக்கில் அதன் நியாயம் அமைந்தது.

ஹாவாயின் விடையில் ஒரு மேன்மை உண்டு. தொழிலின் மானத்தை நம்புவது நல்லதே. ஆயினும் மானமுள்ளவரையும் சோதனைக்குள் நிறுத்தாதிருப்பதே நல்ல சட்டம் என்று தோன்றுகின்றது. தன் வழக்கைத் தான் விசாரிக்க நேர்ந்தால் நேர்மையான நீதிபதியும் விலகிக்கொள்கின்றார். அதனால் எவரும் அவரைச் சந்தேகித்தார் என்று பொருளில்லை.

கலிபோர்ணியாவின் ஏற்பாடும் முடிந்த முடிபாக நிற்கவில்லை. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்மாநிலத்தின் உயர் நீதிமன்றம் தீர்த்த ஹார்ட்போர்ட் காப்புறுதிக் கம்பனியின் வழக்கு அதனை மறுபக்கமாகச் சோதித்தது. அக்கம்பனி முதலிற் கடமையை மறுத்து, பின்னர் நீதிமன்றக் கட்டளைக்குப் பணிந்து சுயாதீன வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்தது. அவ்வாறு கொடுத்தது ஒரு கோடி டொலருக்கும் மேல். நியாயமற்ற செலவு எதுவாயினும் பின்னர் மீளக் கேட்கலாம் என்று அக்கட்டளையிலேயே இருந்தது. மீளக் கேட்பது யாரிடம்? கட்சிக்காரரிடமா, பணத்தைப் பெற்ற வழக்கறிஞரிடமா? வழக்கறிஞரிடமே நேராகக் கேட்கலாம் என்று நீதிமன்றம் விடையளித்தது. வழக்குக்குத் தேவையற்ற வேலைக்குப் பணம் பெற்றவர் அதனை வைத்துக்கொள்வது முறையன்று என்பது காரணம். தனக்கு எதிரான நலனுடைய கம்பனி நாளைக்குத் தன்மேல் வழக்கிடக்கூடும் என்ற அச்சம் வழக்கறிஞரின் சுயாதீனத்தைக் குறைக்காதா என்று கேட்டவர்களும் இருந்தனர். அந்த வழக்கின் சொந்தச் சூழ்நிலைகளோடு ஒட்டியே தீர்ப்பு வழங்கப்படுகின்றது என்று நீதிபதிகள் எல்லை வகுத்தனர்.

சட்டத்தின் இன்னொரு மூலையில், கவனியாது கடந்து போகக்கூடிய பகுதி ஒன்று உண்டு. சுயாதீன வழக்கறிஞர் வேண்டாம் என்று காப்புறுதி பெற்றவர் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அது எழுத்தில் இருக்கவேண்டும். அதற்குரிய படிவத்தின் வாசகத்தையே 2860ஆம் பிரிவு தருகின்றது. இவ்வழக்கிலே எனக்கெனச் சுயாதீன வழக்கறிஞரைத் தெரியும் உரிமை எனக்குண்டு என அறிவிக்கப்பட்டேன். நன்கு யோசித்து, என் விருப்பப்படி அதனை விட்டுக்கொடுக்கின்றேன். கம்பனி தெரியும் வழக்கறிஞரை ஏற்கின்றேன் என்ற கருத்தில் அமைந்தது அது. சில வரிகள், கீழே ஒப்பமிடும் இடம்.

அந்தப் படிவம் மேசைக்கு வரும் வேளையை எண்ணிப் பார்க்கவேண்டும். வழக்குத் தாள் கிடைத்துச் சில நாட்களே ஆகியிருக்கும். குடும்பம் கலங்கியிருக்கும். எதிர்வாதம் தாக்கல் செய்யும் தவணை நெருங்கிக்கொண்டிருக்கும். கம்பனியிலிருந்து பேசுபவர் மரியாதையுடையவராகவும் உதவுபவராகவும் இருப்பார். உண்மையிலேயே அவ்வாறு இருக்கவும் கூடும். முரண்பாடு இருக்கக்கூடும் என்று அறிவிக்கவேண்டிய கடமை சட்டப்படி அவருடைய கம்பனிக்கே உரியது. முரண்பாடு என்றால் என்ன, அதனால் இக்குடும்பத்திற்கு வரக்கூடியது என்ன, ஒப்பமிடாவிட்டால் என்ன நடக்கும் என்பவற்றை அந்த மேசையில் விளக்கவிருப்பவரும், பெரும்பாலும், கம்பனியிலிருந்து வந்த அவர் ஒருவரே.